திரும்பப் போட்ட அட்டை

இதை எழுத எனக்கு வருஷக்கணக்கில் தைரியம் வரவில்லை.

பத்திரிகை ஆசிரியர் ஐயா இந்தத் தொடரை எழுதச் சொல்லிக் கேட்ட அன்றைக்கே மனசில் முதலில் வந்து நின்றது இதுதான். இதை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினேன். தறிக்குடோனில் பஞ்சு தீப்பிடித்ததை எழுதினேன். என் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு பஸ் காங்கயம் ரோட்டில் நின்றுபோனதை எழுதினேன். படித்துச் சிரித்ததாகக் கடிதம் போட்டீர்கள். உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே எத்தனை வாரம் ஓட்டுவது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஜோடித்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிஸ்கட் டப்பா

வருஷப் பிறப்பு அன்று காலை ஆராதனை. பல்லடத்தில் எங்கள் சபை. மார்கழிக் குளிர் இன்னும் போகவில்லை. பெண்கள் பக்கம் எல்லோரும் சேலைத் தலைப்பால் காதை மூடி உட்கார்ந்திருந்தோம். புதுத்துணி வாசனையும், வாசலில் கொதிக்கிற சுக்குக் காப்பி வாசனையும் கலந்து வந்தது.

போதகர் ஐயா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்தார். அதற்குள் பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் அச்சடித்திருக்கும். வாக்குத்தத்த அட்டை என்று சொல்வோம். ஒவ்வொருவராகப் போய், கண்ணை மூடி, ஜெபித்து, கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் வார்த்தை அது. வீட்டுக்கு வந்து பீரோக் கதவில் ஒட்டி வைப்போம். தறி மோட்டார் சுவிட்சுப் பெட்டிமேல் ஒட்டி வைத்தவர்களும் உண்டு.

வெளியூரில் இருப்பவர்களுக்கு, அவர்கள் பேரைச் சொல்லி இங்கே இருப்பவர்கள் எடுப்பார்கள். அந்த வருஷம், வெளிநாட்டில் நர்ஸாக இருந்த ரூபியின் பேரைச் சொல்லி நான் கையை விட்டேன்.

எடுத்தேன். படித்தேன். ஊரைவிட்டுத் தூரம் போனவனை, போகிற இடமெல்லாம் காத்து, மறுபடி சொந்த மண்ணுக்கே கொண்டுவந்து சேர்ப்பேன் என்று ஆண்டவர் சொல்லும் வசனம்.

அட்டையைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டுவிட்டு, இன்னொரு தடவை கையை விட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால், வெகுதூரம் பின்னால் போக வேண்டும்.

குளுக்கோஸ் பாட்டிலுக்குக் கீழே

என் மகன் ஜோயலுக்கு நாலு வயசு இருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. ஜன்னி வந்து உடம்பு வில்லாக வளையும். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்காரரை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் முழங்கால் போட்டேன். வாய்விட்டே சொன்னேன். "ஆண்டவரே, இவனைக் குடுத்துருங்க. பொழைக்க வெச்சீங்கன்னா இவனை உங்க வைத்திய ஊழியத்துக்கே தந்தர்றேன். டாக்டரே போகாத ஊருக்கு அனுப்பி வெக்கறேன்."

எங்கள் ஜனத்துக்கு இது பொருத்தனை. வாயால் சொன்னால் சொன்னதுதான். செலுத்தாமல் விட்டால் நிம்மதி கிடையாது.

பின்னால் யாரோ மெதுவாகச் சிரிக்கிற சத்தம். திரும்பினால், பாட்டில் மாற்ற வந்த நர்ஸ். ஒல்லியாக, இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும்.

"ஏனுங்க்கா, பையனை ஒரு வார்த்தை கேக்காமயே எழுதிக் குடுத்துட்டீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவள்தான் ரூபி. சத்தியமங்கலத்துக்காரி. அப்பா இல்லை. அம்மா தங்கம்மா பூந்தோட்டத்தில் முல்லை பறித்துப் படிக்க வைத்தவர்.

மூன்றாம் நாள் ஜோயல் கண்ணைத் திறந்து, "வர்க்கி வேணும்" என்றான். ரூபி ஓடிப் போய் கேன்டீனில் வாங்கி வந்தாள். டாக்டர் பார்த்தால் திட்டுவார் என்று, டீயில் நனைத்து நகக்கண் அளவு ஊட்டினாள்.

அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். லீவு கிடைத்தால் பல்லடம் வந்துவிடுவாள். தறிச் சத்தத்தில்தான் தூக்கம் நன்றாக வருகிறது என்பாள்.

எங்கள் ஊர் தறிகளில் ஒரு வழக்கம். ஷிப்ட்டு மாறும்போது, அடுத்த ஆள் வந்து தறிகிட்டே நிற்கிற வரைக்கும் முதல் ஆள் நகர மாட்டான். அப்படி மாற்ற வருகிற ஆளை மாத்தாளு என்போம். ரூபிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அக்கா, நான் மிஷனுக்கு எழுதிக் குடுத்துட்டேன். வெளிநாட்டு ஊழியம். சண்டை நடக்கற ஊருங்க" என்றாள்.

நான் சாதத்தைக் கையில் வைத்தபடியே இருந்தேன்.

"ஜோயல் வளந்து படிச்சு வார வரைக்கும் அவனோட ஷிப்ட்டை நான் பாக்கறேன். அப்பறம் மாத்தாளா அவனைத் தாட்டி உட்டுருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதி விளையாட்டு, பாதி நிசம். எது பாதி என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குள் வந்தது பாரம் இறங்கின சந்தோஷம். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ரத்தத்தைக் குடிக்காத துணி

எந்த நாடு என்று எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், பேர் வேண்டாம் என்று மிஷன் ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள்.

ரூபி போன பிறகு, எங்கள் சபைப் பெண்கள் சங்கம் அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு, காயத்துக்குப் போடும் கட்டுத்துணி அனுப்ப ஆரம்பித்தது. அங்கே அது கிடைப்பதில்லை. ஒரு தடவை போட்டதையே துவைத்துத் துவைத்துப் போடுகிறார்களாம். எங்களுக்குத் துணிக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு தறி. காடாத் துணியை விரல் அகலம் நாலு வைத்துக் கிழித்து, உருட்டி, நூலால் கட்டி, முதல் பார்சலை அனுப்பினோம். போதகர் ஐயா அதன்மேல் கை வைத்து ஜெபித்தார்.

இரண்டு மாசம் கழித்து ரூபி போன் பண்ணினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க துணி ரத்தத்தைக் குடிக்க மாட்டேங்குது. மேலயே வழிஞ்சு ஓடுது."

அப்போதுதான் உறைத்தது. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றித்தானே நெய்கிறோம்? அந்தக் கஞ்சி போகாமல் துணி எப்படி நனையும்? பிறந்ததிலிருந்து தறியோடு இருக்கிற இருபது பெண்கள். ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு தெரியுங்களா? 'ரொம்ப வெறைப்பா இருக்குது, சட்டை தெச்சுக்கலாம்'னாரு" என்று ரூபி சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாசம் ஒரு சனிக்கிழமை சபைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் சலவைச் சோடாவைப் போட்டுத் துணியை வேக வைத்து, மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போடுவோம். கை எல்லாம் வெந்து தோல் உரியும். செல்லம்மாக்கா என்று ஒருத்தர். எங்கள் சங்கத்திலேயே மூத்தவர். "ரூபி கல்யாணத்துக்குக்கூட இத்தனை அண்டா வெச்சிருக்க மாட்டோம்டி" என்பார். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே துணி பிழிவோம். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. தூரத்தில் நடக்கிற சண்டை எங்களுக்கு ஒரு பேச்சாகத்தான் இருந்தது.

மாத்தாளு

ரூபி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிந்து வருவாள். வந்ததும் ஜோயலைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்ப்பாள். "என்ற மாத்தாளு தோளு வரைக்கும் வந்துட்டான் போல" என்பாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பொருத்தனையைப் பற்றி நான் அவனிடம் மூச்சு விட்டதில்லை. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவனும் எக்கி நிற்பான்.

நான் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவன் பிளஸ் டூவில் பயாலஜி எடுத்தான். நன்றாகப் படித்தான். சபையில் எல்லோரும், "ஒங்க பையன் டாக்டராயிருவான்" என்றார்கள். மற்ற அம்மாக்களுக்கு அது வாழ்த்து. எனக்கு அது பொருத்தனைக்கு நாள் நெருங்குகிற சேதி. அந்த வருஷம் ரூபி இருந்த ஊர்ப்பக்கமே சண்டை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் ஒரு பக்கச் சுவர் விழுந்து, தார்ப்பாய் கட்டி ஆபரேஷன் பண்ணுகிற படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே என் மகனை நிற்க வைத்துப் பார்த்தேன்.

கிறிஸ்மஸ் முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, அடுத்த மாசத்தோட என்ற ஒப்பந்தம் முடியுது. மறுபடி கையெழுத்துப் போடறதா, ஊருக்கு வாரதான்னு தெரியலீங்க."

"நீ என்ன நெனைக்கற கண்ணு?"

"எனக்கு வரோணும்னு இருக்குதுங்க்கா. அம்மாளப் பாக்கோணும். முல்லை வாசம் அடிக்கற மாதிரியே இருக்குது இங்க. ஆனா நான் வந்துட்டா இங்க ஆளில்லை. ஜெபம் பண்ணுனாலும் மண்டை ஓட மாட்டேங்குது. அதனால ஒண்ணு செய்ங்க. வருசப் பொறப்புக்கு அட்டை எடுப்பீங்கள்ல? என் பேரைச் சொல்லி நீங்களே எடுங்க. அதுல என்ன வருதோ அதுதான். வான்னு வந்தா வாரேன். இருன்னு வந்தா இருக்கறேன்."

"சரி கண்ணு" என்றேன்.

இரண்டாவது தடவை

இப்போது மறுபடி பிஸ்கட் டப்பாவுக்கு வருகிறேன்.

வா என்றுதான் வந்தது. அதைவிடத் தெளிவாக ஒரு அட்டை அந்த டப்பாவிலேயே இருந்திருக்காது.

படித்த அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். ரூபி வந்துவிடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்து, ஜோயலைச் சுவரோரம் நிற்க வைத்து, "என்ற ஷிப்ட்டு முடிஞ்சுதுங்க்கா" என்பாள். அப்புறம் யாருடைய ஷிப்ட்டு? ஆண்டவர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நாலு வயசில் நீ எனக்குக் கொடுத்த பையன் எங்கே என்று கேட்பார்.

என் கை தானாகப் போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன். அட்டையை டப்பாவுக்குள் போட்டு, அடியில் தள்ளி, வேறொன்றை எடுத்தேன். பயப்பட வேண்டாம், நான் கூடவே இருக்கிறேன் என்று ஆண்டவர் தைரியம் சொல்லும் வசனம் வந்தது. போதகர் ஐயா வாங்கிச் சத்தமாக வாசித்தார். சபையே "ஆமென்" என்றது.

எனக்கு அடுத்து செல்லம்மாக்கா. அவர் கையில் வந்தது நான் திரும்பப் போட்ட அதே அட்டை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "என்னடி இது, திருப்பூருக்கு அக்கட்ட போனதில்லை நான். என்னைய எங்கிருந்து கூட்டிட்டு வரப் போறாராம்?" என்றார். பெண்கள் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து ரூபியைக் கூப்பிட்டேன். மூன்று தடவைக்கு அப்புறம் லைன் கிடைத்தது. அட்டையை வாசித்துக் காட்டினேன்.

"இதுல இருன்னு இருக்குதுங்களா, வான்னு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அட்டையில் இரண்டும் இல்லை. "இருன்னுதான் கண்ணு அர்த்தம்" என்றேன் நான். "அங்கதான் உன் கூட இருக்கறேங்கறாரு."

"சரிங்க்கா. அப்ப கையெழுத்துப் போட்டர்றேன்" என்றாள். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க வெசனப்படாதீங்க."

வெசனப்படாதே என்று அவள் எனக்குச் சொன்னாள்.

சோடா வாசனை

வெயில் காலம். கட்டுத்துணி வேக வைக்கிற சனிக்கிழமை. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. போதகர் ஐயா வெறுங்காலோடு எங்களை நோக்கி நடந்து வந்தார். வெயிலில் தரை சுடுகிறதே, செருப்புகூடப் போடாமல் வருகிறாரே என்று நினைத்தேன். அவர் அடுப்புப் பக்கம் நின்று, "அந்த நெருப்பை அணைச்சிருங்கம்மா" என்றார்.

ஆஸ்பத்திரிமேல் குண்டு விழுந்துவிட்டது. ரூபி போய்விட்டாள்.

உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டோம் என்று மிஷன் ஆபீசில் சொன்னார்கள். பெட்டி கிடைக்கவில்லை. பல்லடத்துக் கட்டுத்துணி நிறைய இருந்ததால் அதிலேயே சுற்றினோம் என்று அங்கிருந்த டாக்டர் எழுதியிருந்தார். எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினார், பாவம்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஏனம்மணி, வருசப் பொறப்பு அன்னிக்கு ரெண்டாவது தடவை எதுக்குக் கையை உட்டே?"

ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். பார்த்திருக்கிறார்.

"மொத அட்டை கிழிஞ்சிருந்துச்சுங்க" என்றேன்.

"அப்புடியா" என்றார். ரசத்தை ஊற்றச் சொன்னார். அப்புறம் அவர் அதைக் கேட்கவே இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. ஒருத்தர் ஒன்று சொன்னால், அது பொய் என்று தெரிந்தாலும், இரண்டாவது தடவை கேட்டு அவமானப்படுத்த மாட்டோம். அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே கொட்டியிருப்பேன்.

முல்லை

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. செல்லம்மாக்கா வீட்டுக்குப் போய், "உங்க பீரோவுல ஒட்டியிருக்கற அந்தப் பழைய அட்டையைக் குடுங்க்கா" என்றேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. ஈரத்துணி வைத்து ஊற வைத்துப் பக்குவமாக உரித்துக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு சத்தியமங்கலம் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி நடக்க வேண்டும். தங்கம்மாக்கா ஈரச் சாக்கில் முல்லை மொக்கைப் பரப்பி, விரிந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. பஸ்ஸுல ஒக்கார எடம் கெடைச்சுதுங்களா? மொகமெல்லாம் வாடிக் கெடக்குது" என்று எழுந்து பாய் போட்டார்.

சுவரில் ரூபியின் படம். அதன் கீழே, கண்ணாடி போட்டு, அந்த இரண்டாவது அட்டை. நான்தான் தபாலில் அனுப்பி வைத்திருந்தேன்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். நடுவில் நிறுத்தினால் சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பொருத்தனை, ஜோயல், டப்பா, இரண்டாவது தடவை கையை விட்டது, போனில் இரு என்று சொன்னது. பையிலிருந்து முதல் அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பூப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. விரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அவ எங்கிட்டப் போன்ல சொன்னா" என்றார். "'அம்மா, நான் வரலாம்னுதான் இருந்தேன், கர்த்தர் இருன்னு சொல்லிப்போட்டாரு'ன்னா. அவரே சொல்லீட்டா நான் என்ன பேசறதுன்னு வாயை மூடிட்டேன். இல்லாட்டி நான் உட்டிருப்பனுங்களா? தூக்குப் போட்டுக்குவேன்னு மெரட்டியாவது கூப்புட்டிருப்பேன்."

நான் அவர் காலைப் பிடிக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. அந்த அட்டையை எடுத்துப் பையில வெய்ங்க. அதை நான் பாக்கக் கூடாது."

எடுத்து வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் உசுரோட இருக்கற வரைக்கும் இதை ஆருகிட்டயும் சொல்லாதீங்க. எம்புள்ளை கர்த்தர் சொல்லி அங்க நின்னான்னு நெனைச்சுட்டுத்தான் தெனமும் எந்திரிக்கறேன். நீங்க சொல்லி நின்னான்னு தெரிஞ்சுது... என்னாலயும் இனி அதை நெனைக்க முடியாதுங்க. ஊராவது நெனைக்கட்டும்."

அப்புறம் எழுந்துபோய் காப்பி வைத்தார். குடிக்காமல் போகக் கூடாது என்றார். கிளம்பும்போது ஒரு முழம் முல்லையைக் கிள்ளி, என்னைத் திருப்பி நிற்க வைத்து, தலையில் அவரே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுந்தலையோடு அனுப்ப மாட்டார்கள். அவர் கை என் கழுத்தில் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது.

பல்லடம் வரைக்கும் பஸ்ஸில் அந்த வாசனையோடு வந்தேன். அதற்குப் பிறகு நான் பூ வைத்ததில்லை.

கூட்டங்களில் சொல்லப்படும் கதை

ரூபியின் கதை இதற்குள் வேறு கதையாகிவிட்டது. கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கியார்கள் சொல்கிறார்கள். அந்தியூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் நானே பந்தலில் உட்கார்ந்து கேட்டேன். ரூபி உபவாசம் இருந்து, தன் கையாலேயே அட்டை எடுத்தாளாம். வீட்டுக்கு வா என்று எல்லோரும் கெஞ்சியும், கர்த்தருடைய வார்த்தை வந்துவிட்டது என்று சந்தோஷமாக நின்றாளாம். அவளைக் கொன்றவர்களே அவள் கல்லறையில் அழுதார்களாம். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம், "எப்பேர்ப்பட்ட விசுவாசம் பாருங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

தங்கம்மாக்கா போன ஆடியில் தவறிவிட்டார். அவருக்குக் கொடுத்த வார்த்தை அன்றோடு முடிந்தது. அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, ஜோயலை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டாக்டராகவில்லை. என்ஜினீயரிங் படித்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான்தான் மெடிக்கல் வேண்டாம், ரத்தத்தைக் கண்டால் உனக்கு ஆகாது என்று அவன் மனசைத் திருப்பினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்கம்மா" என்றான். "நான் போறேன்னே சொல்லியிருப்பனோ என்னமோ. இப்ப எனக்கே தெரியலை."

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ரூபி கேட்டதும் அதைத்தான்.

இப்போதும் சபைக்குப் போகிறேன். துணி வேக வைக்கிறேன். வேறு ஒரு ஊருக்கு அனுப்புகிறோம். வருஷப் பிறப்பன்று டப்பா வரும்போது மட்டும் கையை மடியில் வைத்துக்கொள்வேன். ஜெபத்தில் முழங்கால் போட்டால் எனக்கு வார்த்தை வருவதில்லை. ஆண்டவரை விசுவாசிக்கிறேன். அவர் பேசினார், நான் மாற்றிச் சொன்னேன். ஒரு பெண் செத்துப்போன பழியை இத்தனை வருஷம் அவர்மேல் போட்டு வைத்திருந்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைப்போல அவரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். போனில் படம் பிடித்து அனுப்புங்கள். சபையில் வாசிக்கக் கொடுங்கள். ஆனால் எதையும் மாற்றிவிடாதீர்கள். அவள் சந்தோஷமாக நின்றாள் என்று சேர்க்காதீர்கள். வீட்டுக்கு வர ஆசைப்பட்டாள், முல்லை வாசம் அடிக்கிறது என்றாள் என்பதை விட்டுவிடாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு, கடைசியில் எனக்கு மன்னிப்புக் கிடைத்தது என்று எழுதிவிடாதீர்கள். அது எனக்கே தெரியாது.

செல்லம்மாக்கா உரித்துக் கொடுத்த அட்டை இதை எழுதுகிற நோட்டுக்குள்தான் இருக்கிறது. பின்பக்கம் பசை காய்ந்து, ஓரம் சுருண்டுவிட்டது. எழுத்து மட்டும் அழியவில்லை. முதலில் வந்த அட்டை வா என்றுதான் சொன்னது. அதை மட்டுமாவது அப்படியே சொல்லுங்கள்.